அவள் கதவைத் தட்டினாளா?

பல் தேய்த்த கையோடு அரங்கண்ணல் கண்ணாடி முன் நின்று அழுது பார்த்தார். வலது கண்ணில் நீர் அழகாகத் திரண்டது. இடது கண் ஒத்துழைக்கவில்லை.

"இறுதிச் சுற்று அன்னிக்குத்தானா இது மக்கர் பண்ணணும்?"

"வெங்காயம் ஒண்ணு கைல வெச்சுக்கங்களேன்," என்றாள் மனைவி நித்திலா, முறுக்கைப் பொட்டலம் கட்டியபடி.

"வெங்காயமா? நான் என்ன மாவட்ட அளவுப் போட்டிக்கா போறேன்?"

கடல் சென்னைக்குள் வந்த பிறகு மலையேறிய விழா, ஏலகிரி சர்வதேசத் திரைப்பட விழா. அங்கே படங்களுக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. ஆக்குபொறி என்கிற ஏஐ, நாம் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் ஓர் ஊருக்கே ஆயுள் முழுக்கப் போதுமான படங்களை எடுத்துத் தள்ளிவிடுகிறது. படத்துக்குப் பஞ்சமில்லை, பார்க்கத்தான் ஆளில்லை. எனவே சிவப்புக் கம்பளம் பார்வையாளர்களுக்கு விரிக்கப்பட்டது. படமே நடுவர். இருக்கைதோறும் பொருத்திய முகமானி பார்ப்பவரின் முகத்தைப் படித்து மதிப்பெண் போடும். அந்த முகங்களை வைத்தே பொறி அடுத்த காட்சியையும் அங்கேயே பின்னிக்கொள்ளும். சிறந்த பார்வையாளருக்குத் தங்க நாற்காலி.

அரங்கண்ணல் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவர். இன்னொரு முறை தோற்றால் ஆயுளுக்கும் போட்டியிட முடியாது. 'அரங்கண்ணலின் பெருமூச்சு இடைவேளைக்குப் பின் தொய்கிறது' என்று போன தடவை ஒரு விமர்சகர் எழுதியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

அரங்கில் எல்லோரும் மோவாயில் கைவைத்துத் தயாராக இருந்தார்கள். நினைத்த கண்ணால் மட்டும் அழக்கூடிய நார்வேக்காரர் முன்வரிசையில். துணைக்கு வருவோர் இருக்கையில் நித்திலா.

படம் தொடங்கி, ஒரு சாவோடு முதல் காட்சி முடிந்தது. கொட்டும் மழையில், பல வருடம் கழித்து ஒருத்தி ஒரு வீட்டை நோக்கி நடந்தாள்.

"ஏங்க, இது யார் வீடு?"

"உஷ். இது இருத்தலின் தனிமை பத்தின படம்."

"இருக்கட்டும். வீடு யாரோடது?"

"அவ அண்ணன் வீடு. பேசாம இரு."

"அப்ப வாசல்ல கெடக்குற பொம்பளைச் செருப்பு?"

"அண்ணியோடதா இருக்கும்."

"அண்ணிதான் முதல் சீன்லயே செத்துட்டாளே!"

அரங்கண்ணலின் மோவாயிலிருந்து கை நழுவியது. திரையை உற்றுப் பார்த்தார். அவரறியாமல் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"அடியேய், அது அவளோட செருப்புதான்! வீட்டை விட்டுப் போனப்ப விட்டுட்டுப் போனது. இத்தனை வருஷமா அண்ணங்காரன் எடுக்கவே இல்ல!"

கத்தியேவிட்டார். முகமானி சிவப்பாக எரிந்தது. தொண்டர்கள் இருவரையும் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

எதிரே டீக்கடை. அரங்கண்ணல் தலையில் கைவைத்து பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் டீ வருவதற்குள் விழா இயக்குநர் ஜெபராஜ் கழுத்துப்பட்டை பறக்க ஓடிவந்தார்.

"சார், படம் நின்னுபோச்சு! கதவைத் தட்டக் கையைத் தூக்கினவ அப்படியே நிக்கிறா."

"உள்ள யாரும் சத்தம் போடலையா?"

"யாருக்கும் தெரியல சார். எல்லாரும் அழுதுட்டிருக்காங்க."

"பின்ன என்னைய்யா உங்களுக்கு?"

"அடுத்து என்னன்னு தவிக்கிற முகம் உள்ள ஒண்ணுகூட இல்லயாம். பொறி உங்களைக் கேக்குது. வந்து உக்காருங்க, தங்க நாற்காலி உங்களுக்குத்தான். மேடம் மட்டும் இங்கயே இருக்கட்டும். அவங்க பேசுவாங்க."

அரங்கண்ணல் எழுந்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முதல் தோல்விக்கு முன்பே எழுதிய ஏற்புரை பத்திரமாக இருந்தது. அரங்கின் வாசல்வரை கம்பீரமாக நடந்தார். பின்னால் நித்திலா டீக்கடைக்காரருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவ தட்ட மாட்டாண்ணே. செருப்பைப் பாத்துட்டால்ல, அதுவே போதும்னு திரும்பிப் போயிடுவா."

அரங்கண்ணலின் கால் படியிலேயே நின்றது.

"அறிவிருக்கா உனக்கு? இத்தனை மழையில வந்தவ தட்டாம போவாளா? கதையைக் கெடுக்காத!"

"சார், உள்ள வாங்க சார்," என்று கெஞ்சினார் ஜெபராஜ்.

"இருய்யா, இவ தப்பா சொல்லிட்டிருக்கா!"

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. தங்க நாற்காலி நார்வேக்காரருக்குப் போனது, 'அசையாத கதவின் முன் இடையறாத அழுகைக்காக'.

மலையிறங்கும் பேருந்திலும் சண்டை ஓயவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவில் முன்சீட்டுக்காரர் திரும்பினார். அடுத்த வளைவில் பின்சீட்டிலிருந்து ஒரு அம்மாள் "எங்கண்ணனா இருந்தா எப்பவோ செருப்பைத் தூக்கி எறிஞ்சிருப்பான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அரங்கண்ணல் பேச்சை நிறுத்தி அவளையே பார்த்தார். அவளுடைய இரண்டு கண்ணும் நனைந்திருந்தன. கணக்குப் போட அங்கே முகமானி இல்லை.

அடிவாரத்தில் வண்டி நின்றது. முன்சீட்டுக்காரர் பையோடு எழுந்தார். இறங்கவில்லை.

"சார், என் ஸ்டாப்பிங் வந்துருச்சு. தட்டினாளா இல்லையா? சொல்லிட்டீங்கன்னா எறங்கிடுவேன்."