மூட்டைக்கு ஒரு வள்ளம்

என் பெயர் சின்னராசு. வயது இருபத்து மூன்று. இப்போது பாலக்காட்டுப் பக்கம் கட்டட வேலையில் இருக்கிறேன். பேசினால் எழுத்தாக்கும் போனில் பேசிப் பேசியே இதை எழுதுகிறேன். எங்கள் ஜவ்வாது மலையில், மாணிக்கம்மாள் பெரியம்மாவின் வீட்டில் நடந்தது இது. ஆண்டு எண்பத்தொன்று. அப்போது நான் பிறக்கவே இல்லை.

தை மாதம், பொழுது விடிந்தும் விடியாத நேரம். அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது. அதைவிட அதிகமாகக் கொதித்துக்கொண்டிருந்தாள் மாமியார் குப்பம்மாள்.

"மூட்டைக்கு ஒரு வள்ளம்! எங்கடி போச்சு? வாயத் தொறந்து சொல்லு!"

வள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் தானியம் அளக்கும் படி. மாணிக்கம்மாள் களி கிண்டும் துடுப்பைக் கீழே வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. "சத்தியமா எனுக்குத் தெரியாது அத்தே..."

"நான்தானே என் கையால அளந்து போட்டேன்? இருவது வள்ளம்! மூட்ட வாயத் தைச்சது யாரு? நீ! மண்டிக்காரர் அளந்தா பத்தொம்பது! அந்த ஒரு வள்ளம் ஓடைக்கு அந்தாண்ட, உங்க அம்மா வூட்டுக்குத்தானே நடந்து போச்சு?"

"எங்க அம்மா வூட்டுல சாமைக்கு இன்னா பஞ்சமா? அவங்க காட்டுலயும் வெளயுது அத்தே!"

"பாத்தியாடா சடையா, உன் பொண்டாட்டி பேசுற பேச்ச!"

சடையன் எதையும் பார்க்கவில்லை. ஏர் மாட்டைப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அம்மாவும் பெண்டாட்டியும் பேசும்போது மாட்டைப் பார்ப்பதுதான் நான்கு வருடமாக அவன் வழக்கம்.

"இன்னிக்கு மண்டிக்காரர் மறுபடி வர்றாரு. இன்னிக்கும் கொறைஞ்சுதுன்னா, உன் துணிமணிய கட்டிக்கினு போய்ட்டே இரு. ஆமா!"

மாணிக்கம்மாள் இரண்டு புடவையை மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பினாள். கிணற்றுக்குப் போகும் வழியில்தான் பள்ளிக்கூடம். அங்கே பத்து நாளாகப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மாணவர்கள் பத்துப் பேர் தங்கியிருந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்தவர் ஜெய்புன்னிசா, வாணியம்பாடிக்காரர், பொருளாதாரப் பேராசிரியை. மலையில் விளைவதில் மலைக்காரன் வயிற்றுக்கு எவ்வளவு, கீழே போவது எவ்வளவு என்று வீடு வீடாக எழுதி, அதை வைத்து இந்த மக்களுக்காகச் சர்க்காரிடம் வாதாடப் போவதாகச் சொன்னார்கள். ஊரில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. மீதிப் பேர் அவர்கள் கொண்டுவந்த பிஸ்கட்டை நம்பினார்கள்.

அன்று காலை அங்கேயும் ஒரு சண்டை.

"மஜீத்! மண்டிக்காரர் அளந்ததை ஒன்பது பேர் மூட்டைக்குப் பத்தொன்பதுன்னு எழுதியிருக்காங்க. உன் ஒருத்தன் தாள்ல மட்டும் எல்லா மூட்டைக்கும் இருபது! எண்ணக்கூடத் தெரியாதா உனக்கு? எம்.ஏ. படிக்கிறே!"

மஜீத் ஒல்லியான பையன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "மேடம், அவர் இழுத்து இழுத்துப் பாடுறது எனக்குப் புரியலை. அதனால வாயைக் கேட்கலை, கையைப் பார்த்தேன். ஒரு வள்ளம் கொட்டினா ஒரு கோடு. அவ்வளவுதான் மேடம்!"

மாணிக்கம்மாளின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"தம்பி... மொத வள்ளத்துக்கும் கோடு போட்டியா? லாபத்துக்கு?"

"போட்டேன்க்கா. அதுவும் வள்ளம்தானே?"

தானியம் அளக்கும்போது முதல் வள்ளத்துக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். அடுத்தது ரெண்டு, மூணு என்று போகும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். லாபம் சொல்லும்போது கண்ணை மூடிக் கும்பிட வேண்டும். அளந்து முடிகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த வருடம் களத்துக்கு ஆகாது.

"அப்ப நீ கண்ண மூடலியா?"

"மூடணுமா? ஐயோ, தெரியாதுக்கா!"

பேராசிரியை மெல்லக் கேட்டார். "நாங்க எல்லாரும் மரியாதைக்குக் கண்ணை மூடிட்டோம்மா. ஏன், என்ன ஆச்சு?"

"டீச்சரம்மா, அந்தப் புள்ளையத் திட்டாதீங்க. அது ஒண்ணுதான் சரியா எண்ணிக்கீது!" என்று சொன்னவள், குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

வெயில் ஏறும் நேரத்துக்கு அடிவாரத்து மண்டிக்காரர் கோபால்சாமி வந்து சேர்ந்தார். களத்தில் மூட்டையைப் பிரித்தார்கள். ஊர் கூடியது, மாணவர்களும் வந்து நின்றார்கள். குப்பம்மாள் முன்னால் உட்கார்ந்தாள். மாணிக்கம்மாள் மாமியாருக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டை வைத்துவிட்டு, மடியில் கை நிறையப் புளியங்கொட்டையோடு உட்கார்ந்தாள். கண்ணை மூடாமல் இருப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவளுக்குத் தெரியும்.

"லாபம்ம்ம்ம்..." என்று மண்டிக்காரர் ஊதுவத்திப் புகை மாதிரி இழுத்தார். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். சாமை சலசலவென்று கொட்டியது.

டங்! தட்டில் ஒரு கொட்டை விழுந்தது.

குப்பம்மாள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். மருமகளைத் திட்ட வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பேசக் கூடாதே! பல்லைக் கடித்தாள், முறைத்தாள். மருமகள் கும்பிட்டுக் கெஞ்சிவிட்டு மண்டிக்காரரின் கையைக் காட்டினாள். குப்பம்மாள் திரும்பினாள். அவர் அடுத்த வள்ளத்தை அள்ளிக் கொட்டினார்.

"ஒண்ணேய்..."

டங்!

லாபத்துக்கு அடுத்து ரெண்டு வர வேண்டும்; கண்ணை மூடியிருந்தவர்களுக்கு அந்த லாபம் வெறும் சாமி பாட்டாகத்தான் கேட்டிருந்தது. குப்பம்மாளின் முறைப்பு மெல்ல இடம் மாறியது. அதன்பின் அவள் கண்ணை மூடவே இல்லை.

"...பத்தொம்பது!" மண்டிக்காரர் வள்ளத்தைக் கவிழ்த்தார். "இன்னிக்கும் ஒண்ணு கொறையுது குப்பம்மாக்கா. உங்க வூட்டுக்குள்ளயே பாத்துக்குங்க."

"எண்ணுங்க அத்தே," என்றாள் மாணிக்கம்மாள்.

குப்பம்மாள் தட்டை மடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். "லாபம்... ரெண்டு... மூணு..." ஊரே மூச்சுவிடாமல் பார்த்தது. "...பத்தொம்பது... இருவது!"

மறுபடி எண்ணினாள். மறுபடியும் இருபது.

"யோவ்! லாபத்த எங்கய்யா வுட்ட?"

"அது... அது சாமிக்கு அக்கா! லாபம் எப்பவும் சாமி பங்கு!"

"எந்த சாமிக்கு? உன் வண்டியில ஏறிக் குந்திக்கினு மலையெறங்கிப் போவுதே, அந்த சாமிக்கா?"

களம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மஜீத்தான் அதிகம் சிரித்தான். சிரித்தபடியே ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். எல்லா வீட்டிலும் அந்த ஒரு வள்ளம் குறைந்திருக்கிறது! ஒரு வீட்டில் தம்பியைத் திட்டியிருந்தார்கள். மணியம்மாள் வீட்டில் எலியைத் திட்டி, பாஷாணமே வைத்திருந்தார்கள்.

"அப்படின்னா வேற ஆளப் பாத்துக்குங்க! நான் வாங்கல!" என்று துண்டை உதறினார் கோபால்சாமி.

"சரிங்க. நாங்களே ஒடுகத்தூர் சந்தைக்கு எறக்கிக் கொடுக்கறோம்," என்றார் பேராசிரியை அமைதியாக. "என் பசங்க பத்துப் பேர் இருக்காங்க."

"மேடம்... என் எடையே அம்பது கிலோதான்!" என்று அலறினான் மஜீத்.

மூட்டைகளைச் சடையன் தன் மாட்டின் மேலேற்றி இறக்கினான். மாணவர்கள் ஆளுக்கொரு சிறு பொதி தூக்கினார்கள். ஊர் சேர்ந்து தானே விற்கத் தொடங்கியது அப்படித்தான். சர்க்காருக்குப் போன மனுவில் ஒன்பது தாள்களைத் திருத்தி, மஜீத்தின் தாளை மேலே வைத்தார் பேராசிரியை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று களம் கலைந்ததும் மாணிக்கம்மாள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குப்பம்மாள் வந்து எதிரே நின்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. அன்றும் வரவில்லை. உதடுதான் கோணிக்கொண்டு போனது.

"ஏண்டி... நாலு வருசமா திருடி திருடின்னு திட்டுறேனே... திருப்பி ஒரு வார்த்த என்னைத் திட்டக்கூடாதாடி பாவி மவளே!"

"திட்டுனேன் அத்தே..."

"எப்போ?"

"தெனமும்தான். மனசுக்குள்ள..."

குப்பம்மாள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறும்போது மருமகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். "இன்னா திட்டுனேன்னு ஒண்ணு வுடாம சொல்லு! இப்பவே சொல்லு!"

தூரத்தில் சடையன் வழக்கம்போல மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு மட்டும் மாடு சரியாகத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

ஊரில் இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், பெரியம்மாவை உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள்.