இரட்டை வைக்காத பெட்டி

விடிய விடிய ஓட வேண்டிய வேலை, ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

பெட்டிக்காரர் திரையை மறுபடியும் பார்த்தார். அவசர உதவி மையத்துக்கு வந்த அழைப்புகளின் ஒலிப்பதிவுகள், பல வருஷத்துச் சரக்கு, பழைய கணினியிலிருந்து புதுச் சேமிப்புப் பெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டது என்றது திரை. அதற்குக் கீழே ஒரு வரி: ‘புதிதாக எழுத எதுவும் இல்லை. அனைத்தும் ஏற்கெனவே உள்ளன.’

ஊர் ஊராகப் போய் இந்த மாதிரிப் பெட்டிகளை மாட்டிக்கொடுப்பதே அவருடைய பிழைப்பு; போகிற இடமெல்லாம் அதே பட்டப்பெயர். பெட்டிகளின் சுபாவம் அவருக்கு அத்துபடி. மகா கஞ்சத்தனம். ஒரே பதிவு இரண்டு தடவை வந்தால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும். மற்றதைக் கழித்துக்கட்டிவிட்டு, அதன் இடத்தில் ‘அங்கே பார்’ என்று ஓர் அடையாளத்தை மட்டும் விட்டுவைக்கும். இரட்டைக்கு அங்கே இடமே கிடையாது. ஆனால் இது இன்று மத்தியானம் அவரே முத்திரையைக் கிழித்துத் திறந்த பெட்டி. கிழிக்கும்போது பிளேடு வழுக்கி வலது கட்டைவிரலில் ஆழமாக இறங்கிவிட, கைக்குக் கிடைத்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். விரல் இன்னும் விண்விண்ணென்று தெறித்தது. இப்போதுதான் பிறந்த பிள்ளைக்குப் பழைய ஞாபகம் எங்கிருந்து வரும்?

இன்னொரு சங்கடமும் இருந்தது. வழக்கமாக, உள்ளே இருப்பதைத் திறந்து பார்த்து, சரி என்று மனசு சொன்ன பிறகே பூட்டுவார். பூட்டு என்றால் சாவி இல்லாத பூட்டு. குறித்த காலம் முடியும்வரை யாராலும், போட்டவராலும்கூட, எதையும் அழிக்கவோ மாற்றவோ முடியாது. இன்று மையத்தை மேற்பார்வை பார்த்து, ராத்திரி அழைப்புகளையும் எடுக்கும் அக்கா காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

“முதல்ல பூட்டைப் போடுங்க தம்பி, அப்புறம் பார்த்துக்கலாம். காலைல தணிக்கைக்கு வர்றாங்க. பூட்டியாச்சான்னுதான் கேப்பாங்க.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். பத்து வருஷம் என்று குறித்துப் பொத்தானை அழுத்திவிட்டார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்காவின் மேஜைவிளக்கு எரிந்தது. இந்தப் பக்கம், ஜன்னலே இல்லாத அறையில், குளிர்ந்த காற்றுக்கு நடுவே அந்தப் பெட்டி மட்டும் வெதுவெதுப்பாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதன் விசிறிகள் இரைவதும், யாரோ பேச வாயெடுத்துத் தயங்குவதுபோல் சட்டென்று அடங்குவதும், மறுபடி இரைவதுமாக இருந்தன. வயர் சரியாக இருக்கிறதா என்று பின்பக்கம் குனிந்தவருக்கு, புதுப் பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் கலந்த நெடிக்கு அடியில் வேறொரு வாசனை வந்தது: ஈரத் துண்டு, குழந்தைப் பவுடர். அவர் வீட்டு முன்னறையின் வாசனை. களைப்பு, வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தார்.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று பட்டியலைத் திறந்து அடிக்குப் போனார். கடைசிப் பதிவில் இன்றைய தேதி. நேரம் மட்டும் இன்னும் ஆகவில்லை. சுவர்க் கடிகாரம் அதைத் தொட ஒரு மணி நேரம் போல இருந்தது. கடிகாரக் கோளாறு என்று மனசைத் தேற்றிக்கொள்ளும்போதே அழைத்தவரின் எண் கண்ணில் பட்டது. அவர் மனைவியின் எண்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

“அவசர உதவி மையம், சொல்லுங்க.” அக்காவின் குரல்.

“மேடம்…” மனைவி கிசுகிசுத்தாள். “வாசல்ல யாரோ கதவைத் தட்டறாங்க. என் வீட்டுக்காரர் குரல்லயே கூப்பிடறாங்க. பயமா இருக்கு.”

“உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?”

“உள்ளதான் இருக்கார். அவர் வந்து ரொம்ப நேரமாச்சு. குட்டியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்.”

பின்னால், மரத்தில் விரல்முட்டி படும் சத்தம். இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம். பிறகு ஒரு தட்டு. அதையடுத்து அழுகையில் கரகரத்த ஓர் ஆண் குரல்: “கதவைத் திறம்மா. நான்தான்.”

அவருடைய குரல். தட்டியதும் அவருடைய தட்டுதான். அப்பா வந்தாச்சு என்று மகள் கண்டுகொள்ள அவர்களுக்குள் வைத்திருந்த கணக்கு அது. தாழ்ப்பாள் விலகியது. அத்தோடு பதிவு முடிந்தது.

கண்ணாடிக்கு அப்பால் அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இப்ப ஏதாவது போன் எடுத்தீங்களா?”

“எங்க? சாயந்தரத்துலேர்ந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஏன் தம்பி, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

அவர் திரைக்குத் திரும்பினார். அந்தப் பதிவை அழிக்கப் பார்த்தார். ‘காலம் முடியும்வரை அழிக்க இயலாது.’ மறுபடி அழுத்தினார். அதே வரி. அவர் கையால் போட்ட பூட்டு.

உடனே வீட்டுக்குப் போன் போட்டார். மனைவியின் குரல் சாதாரணமாக ஒலித்ததும் போன உயிர் திரும்பி வந்தது.

“இங்க பாரு, யார் வந்து தட்டினாலும் கதவைத் திறக்காதே. நான் இன்னும் வேலையிலதான் இருக்கேன்.”

மறுமுனையில் கதவு தட்டும் சத்தம். இரண்டு. நிறுத்தம். ஒன்று.

அவள் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? வாசலில் நின்றுகொண்டே போன் போட்டு, வர நேரமாகும் என்று புளுகிவிட்டுக் கதவைத் தட்டுவது அவருடைய வாடிக்கையான குறும்பு. “ஆரம்பிச்சாச்சா உங்க விளையாட்டு? குட்டீ, அப்பா வந்தாச்சு!”

“திறக்காதே! விளையாட்டில்ல, அது நான் இல்ல…”

“நடிப்பெல்லாம் பிரமாதம். மழையில நனையாம உள்ள வாங்க.”

தாழ்ப்பாள். மகள் ஓடிவரும் காலடி. அழைப்பு அறுந்தது.

மறுபடி போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்து, எடுக்கப்பட்டது.

“சொல்லுங்க,” என்றது நிதானமான ஓர் ஆண் குரல். அவர் குரல்.

மழையில் வண்டியை விரட்டினார். விரல் வலிகூட மறந்துபோயிற்று. ஒரே ஒரு யோசனைதான் தலைக்குள் ஓடியது: தட்டக் கூடாது. நான் தட்டாவிட்டால் அந்தப் பதிவு பொய்த்துப்போகும். சாவி இருக்கிறது, சத்தமில்லாமல் உள்ளே போய்விடலாம். தட்டக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது.

சாவி சுழன்றது. கதவு அசையவில்லை. உள்ளே தாழிட்டிருந்தது.

முன்னறையில் வெளிச்சம். திரைச்சீலையில் ஒரு நிழல், அதன் மடியில் ஒரு சின்ன நிழல். மகள் சிரித்தாள். தினமும் அவர் சொல்லும் கதைக்கு, அவர் நிறுத்தும் அதே இடத்தில் சிரித்தாள்.

எப்படிச் சும்மா நிற்பது? பெற்ற பிள்ளை அதன் மடியில்.

தட்டினார். இரண்டு. கை தானாக நின்றது. ஒன்று.

உள்ளே சிரிப்பு அடங்கியது.

“மேடம்…” மனைவியின் கிசுகிசுப்பு, கதவுக்கு மிக அருகில். “வாசல்ல யாரோ கதவைத் தட்டறாங்க.”

அடுத்த வார்த்தை அவருக்குத் தெரியும். அதற்கடுத்ததும். வாயை இறுக மூடிக்கொண்டார். பற்களுக்கிடையிலிருந்து, அழுகையோடு, அது வந்தது.

“கதவைத் திறம்மா. நான்தான்.”

தாழ்ப்பாள் விலகியது.

பதிவு முடிந்த இடம். இனி எதுவும் அவருக்குத் தெரியாது.

கதவு ஒரு சாண் திறந்தது. இடுக்கில் ஒரு கை வந்து விளிம்பைப் பற்றியது. வலது கை. கட்டைவிரலில் கறுப்பு டேப். டேப்புக்கு அடியில் ரத்தம் கசிந்திருந்தது. அதற்கு மேலே, இருட்டில், அவர் முகம் அவரை நேராகப் பார்த்தது.

“யாருமில்லம்மா,” என்றது உள்ளே திரும்பி. “வெளியே யாருமே இல்ல.”

அவர் கத்த வாயெடுத்தார். சத்தம் வரவில்லை. கதவு மெல்லச் சாத்திக்கொண்டு வந்தது. தடுக்க வலது கையைப் பதித்தார்.

மரத்தின் மேல் அவர் கட்டைவிரல். டேப் இல்லை. மழைநீர் வழிந்துகொண்டிருந்த அந்தத் தோலில் ஒரு கீறல்கூட இல்லை.