யாரும் கொண்டுவராத தூக்குவாளி

பழனிசெட்டிபட்டியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது செல்வமணியின் துப்பறியும் அலுவலகம். துப்பறியும் அலுவலகம் என்றதும் துப்பாக்கி, தொப்பி என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். காவல் துறையிலிருந்து விருப்ப ஓய்வில் வந்த அந்த அம்மையாருக்கு வரும் வழக்குகளில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்று விசாரிக்கச் சொல்வதுதான். ஆகவே அக்னி நட்சத்திர வெயிலில் மாடியேறி வந்த ஜோதிலட்சுமி, "ஒரு மீன் குழம்பு வச்சது யாருன்னு கண்டுபிடிக்கணும் மேடம்" என்றதும், உதவியாளன் விஜயபாண்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீங்க சார். எங்கப்பா உசுரு அந்தக் குழம்புலதான் இருக்கு" என்றாள் அவள்.

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒச்சாண்டிதான் அவளுடைய அப்பா. தொண்டையில் கட்டி வந்து, மதுரையில் கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சுக் கொடுத்து, அதைக் கரைத்தார்கள். கட்டி போனது; கூடவே ருசியும் போனது. எதை வைத்தாலும் மண்ணைத் தின்பதுபோல இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார். ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அது மட்டும் வேண்டாம், அப்படியே போய்ச் சேர்ந்துவிடுகிறேன் என்கிறார் அவர்.

"போன வாரம் எங்க தெருக்காரவுக எல்லாரும் ஜெயமங்கலம் பக்கம் ஒரு மாந்தோப்புக்குக் கூட்டாஞ்சோறு போனோம். வீட்டுக்கு வீடு ஒண்ணு செஞ்சு கொண்டுவந்தாக. தோப்புல கரி மூட்டி கோழி சுட்டாக. அப்பா காத்தாட இருக்கட்டுமேன்னு கூட்டிட்டுப் போனேன். அவுக நாற்காலிப் பக்கத்துல ஒரு மஞ்சப்பை இருந்துச்சு. உள்ள சின்னத் தூக்குவாளி. தொறந்தா அயிரை மீன் குழம்பு. சும்மா ஒரு வாய் குடுத்தேன்."

கையோடு கொண்டுவந்திருந்த அந்த மஞ்சப்பையை அவள் மேசைமேல் வைத்தாள்.

"வழிச்சு நக்கிட்டாக மேடம். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்காரவுககிட்டயும் கேட்டேன். எல்லாரும் எங்க வீட்டுது இல்லைன்னுட்டாக. தூக்குவாளியும் காணாமப் போச்சு. பை மட்டும் கிடந்துச்சு. அதுக்கப்புறம் அப்பா பழையபடி சோறு, கஞ்சி எதையும் தொடல. நானும் அயிரை வாங்கி வச்சுப் பார்த்தேன். துப்பிட்டாக."

"குழம்பு எப்படி இருந்துச்சு?"

"காரமே இல்ல. புளி பேருக்குத்தான். தேங்காப்பால் கெட்டியா இருந்துச்சு. அதவிட ஒண்ணு சொல்றேன், நீங்க நம்ப மாட்டீக. அயிரைக்குத் தலை இல்ல, முள்ளும் இல்ல!"

சாப்பாட்டு விஷயத்தில் விஜயபாண்டியை அசைப்பது எளிதல்ல. அவனே வாயைப் பிளந்தான். அயிரை விரல் நீளம்கூட இருக்காது. தலையோடும் முள்ளோடும் மென்று முழுங்குகிற மீன் அது. அதில் ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, மயிரிழை முள்ளை உருவி, உடம்பு சிதையாமல் எடுத்திருக்கிறார்கள் என்றால், அப்பப்பா, அந்தப் பொறுமைக்கு என்ன பெயர் வைப்பது?

"மேடம், தேங்காப்பால்னா கேரளாதான்! எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சமையல்காரர் யாரோ" என்றான் விஜயபாண்டி.

செல்வமணி மஞ்சப்பையைக் கவிழ்த்தார். காய்ந்த வேப்பிலைக் கொத்து ஒன்றும் ஒரு துண்டு அடுப்புக்கரியும் விழுந்தன.

"கோழி சுட்ட கரி தெறிச்சு விழுந்திருக்கும்" என்றான் அவன்.

"வேப்பிலையும் தெறிச்சு வந்துச்சாக்கும்?" என்றார் செல்வமணி. "கறி மீன வீட்டைவிட்டு வெளிய கொண்டு போனா, காத்து கருப்பு அண்டாம இருக்கக் கரித்துண்டும் வேப்பிலையும் வச்சு அனுப்புறது நம்ம பக்கத்து வழக்கம். உங்க கேரளாவ விடுங்க. ஏம்மா, கோழி சுட்டது என்ன கரி?"

"கடையில வாங்குன மூட்டைக்கரி. கட்டை கட்டையா இருந்துச்சு."

செல்வமணி அந்தத் துண்டை விரலில் பிடித்துக் காட்டினார். மெல்லிசாக, கிண்ணத்து உடைசல்போல வளைந்திருந்தது. பிறகு, தெருவில் யாராவது விறகு எரிக்கிறார்களா என்று கேட்டார். எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்புதான் என்றாள் ஜோதிலட்சுமி.

"சொந்தக்காரங்க?"

"ஒரு அத்தை இருக்காக. சுப்புத்தாய்னு பேரு, அப்பாவுக்குத் தங்கச்சி. ஆனா தோட்டம் பிரிக்கையில சண்டை. இனிமே உன் வீட்டுல கை நனைச்சா நான் ஒச்சாண்டியே இல்லைன்னு ஊர்க்கூட்டத்துல அப்பா சொல்லிட்டாக. அப்ப நான் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு இருந்தேன். அதுலருந்து போக்குவரத்தே இல்ல."

நம் பக்கத்தில் கை நனைக்க மாட்டேன் என்றால் அது வெறும் கோபப் பேச்சு அல்ல. அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் உறவு உண்டு, சாப்பிடாவிட்டால் உறவு அற்றது. கூட்டத்தில் சொல்லிவிட்டு மீறினால், ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

அன்று மாலையே கம்பத்துக்குப் போனார்கள். ஒச்சாண்டி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் கஞ்சி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

"அந்தக் குழம்பு எப்படிய்யா இருந்துச்சு?" என்று செல்வமணி கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு."

"வச்சது யாருன்னு தெரிஞ்சா தேவலைன்னு தோணலையா?"

கிழவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "கூட்டாஞ்சோறுதானம்மா. யாரு வச்சா என்ன?"

வெளியே வந்ததும் ஜோதிலட்சுமி, "குழம்பு சாப்பிட்ட மறுநாள் பன்னீர் திராட்சை வாங்கிட்டு வரச் சொன்னாக. ஒரு சின்னக் கூடை வாங்கிக் குடுத்தேன். சாயங்காலம் பார்த்தா கூடை காலி. தின்னுட்டேன்னாக. ருசி வந்துருச்சுன்னு நான் குலதெய்வத்துக்கு வேண்டுதலையே நிறைவேத்திட்டேன்" என்று கண்ணைத் துடைத்தாள்.

செல்வமணி நின்றுவிட்டார். "திராட்சையா?" என்றார். பிறகு, "கூட்டாஞ்சோத்துக்கு வேன் ஓட்டுனது யாரு?" என்று கேட்டார்.

"சுருளிவேல் அண்ணன். அப்பாவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போனதும் அவர்தான்."

"குழம்பப் பத்தி அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"அவரு என்னத்த சமைக்கப் போறாரு? சமைக்கிறவுககிட்டத்தான் கேட்டேன்."

மறுநாள் காலை அதே வேனில், சுருளிவேலையும் சேர்த்து நால்வரும் கிளம்பினார்கள். "அன்னைக்கு வழியில எங்கன நிறுத்துனீங்களோ, அங்கனயே நிறுத்துங்க" என்றார் செல்வமணி. சுருளிவேலுக்கு வேர்த்து ஊற்றியது. இளநீர் குடிக்க நிறுத்தியதாக முணுமுணுத்துக்கொண்டே, ஜெயமங்கலத்துக்கு முன்னால் ஒரு தென்னந்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினான்.

தோப்புக்குள் ஓட்டுவீடு. வாசலில் கொட்டாங்கச்சிக் குவியல். புகையும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த சுப்புத்தாய், அண்ணன் மகளை அடையாளம் கண்டு பதறி எழுந்தாள். "ஆத்தாடி! அண்ணனுக்கு என்னமும் ஆயிப்போச்சா?"

"ஒண்ணும் ஆகல. உட்காருங்க" என்றார் செல்வமணி. அடுப்பிலிருந்து அணைந்த துண்டு ஒன்றை எடுத்து, பையிலிருந்த கரித்துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே வளைவு.

"கொட்டாங்கச்சிக் கரி. தேங்காயும் தேங்காப்பாலும் தாராளமா இருக்குற வீடு. வாளி ரொம்பச் சின்னது. அப்ப ஊருக்காக வச்ச குழம்பு இல்ல அது, ஒரு ஆளுக்காக வச்சது. அந்த ஆளோட தொண்டை புண்ணாக் கிடக்குன்னு தெரிஞ்சவுகதான் காரத்த எடுத்து, முள்ளையும் எடுத்திருக்கணும். அந்த விவரத்த இங்க கொண்டுவந்து சொன்னது, மதுரைக்கு வண்டி ஓட்டுனவர்."

சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டான். "அத்தை அழுதாக மேடம். மறுக்க முடியல. வாளிய நான்தான் பெரியவர் பக்கத்துல வச்சேன்."

"அப்ப காலி வாளிய எடுத்து மறைச்சதும் இவன்தானா?" என்று துள்ளினான் விஜயபாண்டி.

"இவரு எடுத்திருந்தா பையோட எடுத்திருப்பாரு. பைய விட்டுட்டு வாளிய மட்டும் எடுத்தவருக்கு வேற காரணம் இருக்கு."

சுப்புத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அண்ணன்கிட்டச் சொல்லிப்புடாதீக. என் கையால வச்சதுன்னு தெரிஞ்சா வாயில வைக்க மாட்டாக. சின்னதுல அவுக தொண்டையில அயிரை முள்ளு மாட்டிக்கிச்சு. அன்னையிலருந்து நான் முள்ள உருவிக் குடுத்தாத்தான் தின்பாக. வீட்டுக்கு அனுப்புனா யாரு குடுத்ததுன்னு கேப்பாகள்ல? கூட்டாஞ்சோத்துல யாரும் கேக்க மாட்டாகன்னுதான் குடுத்தனுப்புனேன்."

"வாளி திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சு. வெறும் பாத்திரமாத் தரக் கூடாதுன்னு சுருளி திராட்சை போட்டுக் கொண்டாந்தான். எனக்குச் சின்னதுலருந்து பன்னீர் திராட்சைன்னா உசுரு."

"நான் போடல அத்தை" என்றான் சுருளிவேல் மெதுவாக.

செல்வமணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கஞ்சியே இறங்காத தொண்டையில புளிக்கிற திராட்சை எப்படி இறங்கும்? கூடை திராட்சையும் அந்த வாளிக்குத்தான் போயிருக்கு. இன்னொண்ணும் பாருங்க. அந்தக் குழம்ப யாரு வச்சான்னு ஊரெல்லாம் கேட்டுச்சு. இந்தப் பொண்ணு கேட்டுச்சு, நாங்க கேட்டோம். சாப்பிட்டவர் மட்டும் இன்னைக்கு வரைக்கும் கேக்கல. நான் வாயவிட்டுக் கேட்டும், யாரு வச்சா என்னன்னுட்டாரு. அவருக்கு முதல் வாயிலேயே தெரிஞ்சுபோச்சும்மா. முள்ளு எடுத்த அயிரைய இந்த உலகத்துல அவருக்கு வேற யாரு குடுத்திருக்கா?"

"ஐயாதான் வாளியத் துண்டுக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோனாக" என்றான் சுருளிவேல். "மறுநாள் என்னையக் கூப்பிட்டு, இத எடுத்த இடத்துல குடுத்துரு, நான் குடுத்தேன்னு சொல்லாதன்னாக."

சுப்புத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெரியக் கூடாது என்று தங்கை ஒளித்திருக்கிறாள். தெரிந்துவிட்டது தெரியக் கூடாது என்று அண்ணன் ஒளித்திருக்கிறார். ஜோதிலட்சுமி ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இப்ப அப்பாகிட்டப் போய் என்னத்தச் சொல்ல?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் செல்வமணி. "இன்னொரு கூட்டாஞ்சோறு போடுங்க. இங்கனயே."

அடுத்த ஞாயிறு அந்தத் தென்னந்தோப்பில் தெருவே கூடியது. எலுமிச்சைச் சோறு, கத்தரிக்காய்க் கொத்சு, மாங்காய்ப் பச்சடி, உப்புக்கண்டம் என்று வரிசையாக மூடிய பாத்திரங்கள். கூப்பிடாமலேயே சட்டியோடு வந்திருந்தான் விஜயபாண்டி. அவன் வைத்த ரசத்தை யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. வேனிலிருந்து இறங்கிய ஒச்சாண்டி தோப்பைப் பார்த்தார், ஓட்டுவீட்டைப் பார்த்தார். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பக்கத்தில் சின்னத் தூக்குவாளி இருந்தது. மூடிமேல் கரித்துண்டும் பச்சை வேப்பிலையும் இருந்தன. ஜோதிலட்சுமி சோறு பிசைந்து கொடுக்கப் போனாள். அவர் தடுத்து, தாமே கையை நனைத்து, உருட்டி வாயில் வைத்தார். மென்றார். கடைசிப் பருக்கை வரை தின்றார். சுப்புத்தாய் தென்னைமரத்துக்குப் பின்னால் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வாளி காலியானது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டாஞ்சோறுதானே.

கிழவர் தலையை நிமிர்த்தினார். கட்டி கரைந்த அந்தத் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

"ஏ ஆத்தா சுப்பு! மரத்துக்குப் பின்னால என்ன வேடிக்கை? இன்னுங் கொஞ்சம் ஊத்து, வா."