ஐந்து வாக்கியம் எழுதுக

மாலை ஆறு இருபதுக்கு ஆங்கில வாத்தியாரின் கைக்கடிகாரம் காணாமல் போனது. ஆறரைக்கு சப்-இன்ஸ்பெக்டர் அம்மாள் அவருடைய மாலை வகுப்புக்கு மாடியேறி வந்தார், விசாரிக்க அல்ல, படிக்க. ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வராததால் அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஸ்டேஷனில்தான் தலைவலி என்றால் இங்கேயுமா என்று பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு.

“இவங்கதான் திருடி. உள் அறைக்குப் போனதா ஒத்துக்கிட்டது இவங்க மட்டும்தான்,” என்றார் வாத்தியார். கூடத்தின் நடுவே தையல்காரப் பெண் கண் கலங்க நின்றாள். “நாளைக்கு வேலைக்கு இன்டர்வியூவாம். இங்க படிச்ச சர்டிபிகேட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“நடந்ததைச் சொல்லுங்க.”

“‘இன் த மீன்டைம்’, அதாவது ‘அதற்கிடையில்’, அதை வெச்சு அஞ்சு வாக்கியம் எழுதச் சொன்னேன். காப்பி அடிக்கக் கூடாதுன்னு இவங்களைக் கூடத்துல, லாரி டிரைவரை பால்கனியில, மருந்துக்கடைக்காரரைப் படிக்கட்டுல உக்கார வெச்சேன். மொட்டை மாடியில போன் பேசிட்டு வந்தா, உள் அறை மேஜையில இருந்த வாட்ச்சைக் காணோம்.”

உள் அறைக்குக் கூடத்திலிருந்து ஒரு கதவு, படிக்கட்டிலிருந்து ஒரு கதவு. உள்ளே கை கழுவ ஒரு தொட்டி, ஒரு மேஜை. மேஜைக்கடியில் அட்டைப்பெட்டியில் ஒரு வெள்ளை முயல்.

“மத்தியானம் மக கொண்டாந்து விட்டா, என் உயிரை வாங்க,” என்ற வாத்தியார் குனிந்து பார்த்தார். “அட, பெட்டியை வேற கடிச்சிடுச்சா? போன் வந்தப்ப முழுசாத்தானே இருந்துச்சு.”

அம்மாள் மூவரையும் கூப்பிட்டார்.

“உள்ள போனீங்களா?”

“போனேன் மேடம்,” என்றாள் தையல்காரப் பெண். “கையெல்லாம் மை. கழுவிட்டு உடனே வந்துட்டேன்.”

“நான் பால்கனியை விட்டு அசையல,” என்றார் டிரைவர்.

“நானும் எழுந்திருக்கல,” என்றார் மருந்துக்கடைக்காரர். “உள்ள என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

“விசாரணை ஒரு பக்கம் இருக்கட்டும். லேட்டா வந்தாலும் அஞ்சு வாக்கியம் எழுதணும்,” என்றார் வாத்தியார். அந்த மனிதருக்கு எதில் பிடிவாதம் என்று விவஸ்தையே இல்லை.

அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. ஃபேன் சுற்றுவதை எழுதினார், சாக்பீஸ் உடைந்து கிடப்பதை எழுதினார், ஜன்னலை எழுதினார். என்ன இழவு இது, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுகிறேனே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. அடுத்த கணம் பேனாவை வைத்துவிட்டார்.

“அவங்க எழுதினதைக் குடுங்க.”

அந்த அமளியிலும் வாத்தியார் எல்லாவற்றையும் திருத்தி வைத்திருந்தார். தையல்காரப் பெண் பெஞ்சையும் ஃபேனையும் எழுதியிருந்தாள். டிரைவர் பஸ்ஸையும் காக்காயையும் எழுதியிருந்தார். எல்லாம் தப்பு, எங்கும் சிவப்புக் கோடு. மருந்துக்கடைக்காரர் படி, செருப்பு, பூனை, கைப்பிடி என்று நான்கைத் தப்பாக எழுதியிருந்தார். ஐந்தாவதற்குப் பக்கத்தில் மட்டும் ‘வெரி குட்’.

அதை அம்மாள் தமிழில் உரக்கச் சொன்னார்: “வாத்தியார் போனில் பேசுகிறார். அதற்கிடையில் வெள்ளை முயல் பெட்டியைத் தின்கிறது.”

அம்மாள் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். “உள்ள என்ன இருக்குன்னே தெரியாதுன்னீங்களே?”

“அது கற்பனை மேடம்,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“நாலு வாக்கியத்துக்கு வராத கற்பனை அஞ்சாவதுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு? படியில உக்காந்து நாலு எழுதினீங்க. அப்புறம் சரக்கு தீர்ந்துபோச்சு. உள்ள போனீங்க, எடுத்தீங்க, வந்து உக்காந்தீங்க. கடைசியா கண்ணுல பட்டது முயல்தான். வாட்ச்சை எடுங்க.”

கால்சட்டைப் பையிலிருந்து கடிகாரம் வெளியே வந்தது.

“இதை நீங்க படிக்கவே இல்லையா சார்?” என்று வாத்தியாரிடம் திரும்பினார் அம்மாள்.

“திருத்தினேனே. மொத்த கிளாஸ்லயும் இது ஒண்ணுதான் சரி.”

“சரியான்னு பாத்தீங்க. என்ன எழுதியிருக்குன்னு பாக்கல.”

வாத்தியார் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுத் தையல்காரப் பெண்ணிடம் நீட்டினார். “சாரி,” என்றார், எங்கோ பார்த்தபடி.

அவள் கை நீட்டவில்லை.

“திருடின்னு தமிழ்லதானே சார் சொன்னீங்க,” என்றாள். “இதையும் தமிழ்லயே சொல்லுங்க.”