பக்கத்து இருக்கைக்கு ஓர் உயில்

கோதுமை அறுத்த வயல்களின் ஓரமாக வந்து நின்ற மஞ்சள் பேருந்தில் மாரிட் தூக்கக் கலக்கத்தோடுதான் ஏறினாள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாள். வட டகோட்டாவின் அந்த மூலையில் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே மண்பாதையும் வானமும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அவளுக்குப் பின்னால் தங்கை லெனா ஏறினாள். ஒன்பதாம் வகுப்பு. உயர்நிலைப் பள்ளியில் அவளுக்கு அதுதான் முதல் நாள் என்பதால் தலையை நான்கு தடவை சீவியிருந்தாள்.

"வாங்க, கடைசி வருஷத்துப் பெரிய மனுஷி," என்றாள் ஓட்டுநர் ஆர்லிஸ். "உன் சொத்து பின்னாடி பத்திரமா இருக்கு. தூசி கூடத் தட்டி வச்சிருக்கேன்."

சொத்து என்றால் கடைசி இருக்கை. அதை அவளுக்கு எழுதி வைத்தவன் கர்ட்டிஸ் ப்ராட்டன்.

அந்தப் பள்ளியில் படிப்பை முடித்துப் போகிறவர்கள் மே மாதம் விளையாட்டு அரங்கில் எல்லோர் முன்னாலும் நின்று உயில் வாசிப்பார்கள். "நல்ல புத்தியோடும், யாருடைய கட்டாயமும் இல்லாமலும்" என்று ஆரம்பிக்கும்போதே சிரிப்பு கிளம்பிவிடும். ஒருவன் வேதியியல் வகுப்பில் தூங்கும் கலையை எழுதி வைப்பான். ஒருத்தி தன் பழைய காதலர்களை மொத்தமாகத் தள்ளிவிடுவாள். பெயர் வந்தவர் எழுந்து "எனக்கு!" என்று கத்த வேண்டும். தலைமையாசிரியர் வாஸ் மாட்டுச் சந்தையில் ஏலம் விட்ட குடும்பத்தில் பிறந்தவர். மரச் சுத்தியலால் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். தட்டினால் முடிந்தது.

போன மே மாதம் கர்ட்டிஸ் வாசித்தது இது: "பஸ்ஸோட கடைசி சீட்டையும், அதுல என் பக்கத்துல உக்காந்து வர்ற ஆளையும் சேர்த்து மாரிட்டுக்குக் கொடுக்கிறேன்." அரங்கமே சிரித்தது. கர்ட்டிஸ் பக்கத்தில் ஒருநாளும் ஒருவரும் உட்கார்ந்ததில்லை, அதுதான் வேடிக்கை. மாரிட்டும் சிரித்துக்கொண்டே "எனக்கு!" என்று கை தூக்கினாள். கர்ட்டிஸ் மட்டும் சிரிக்கவில்லை. சுத்தியல் விழுந்ததும் போய் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் அகல நீட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

இதெல்லாம் அவளுக்குப் பிற்பாடுதான் ஞாபகம் வந்தது.

கடைசி இருக்கை இரண்டு பேர் தாராளமாக உட்காரும் அகலம். மாரிட் நடுவில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தாள். பீட்ரூட் வயல் தாண்டும்போது ஒரு வாடை வந்தது. தானியக் கிடங்கின் அடியில் ஈரம் பட்டுப் புளித்துப்போன கோதுமையின் வாடை. அவளுடைய இடது கை குளிர்ந்தது. பக்கத்து மெத்தை மெதுவாக, ஒருவர் உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ அப்படி அமுங்கியது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு."

காதோரத்தில் கேட்டது. ஆண் குரலா பெண் குரலா என்று பிடிபடவில்லை. மரியாதையான குரல், அவ்வளவுதான்.

மாரிட் நகர்ந்தாள்.

அங்கேதான் பிசகிப்போனது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, யார் இடம் கேட்டாலும் ஏன் எதற்கு என்று கேட்கும் முன்னால் உடம்பு தானாக நகர்ந்துவிடும். அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். நகர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. அமுங்கிய மெத்தை அமுங்கியபடியே இருந்தது.

மறுநாள் அவள் முன் இருக்கைக்குப் போனாள். வாடையும் கூடவே வந்தது. நின்றுகொண்டே வந்தாள். ஆர்லிஸ் திட்டி உட்கார வைத்தாள். உட்கார்ந்ததும் அதே மரியாதையோடு அதே சொல். ஒவ்வொரு நாளும் ஒரு விரல்கடை, ஒரு விரல்கடை. நகரமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்கு அது கோபப்படவில்லை. திரும்பச் சொல்லவும் இல்லை. வெறுமனே அவள் மேல் சாய்ந்தது. சாய்ந்துகொண்டே இருந்தது. விலா எலும்பு நெறுநெறுவென்று வலித்து, மூச்சு முட்டி, அவளாகவே நகர்ந்துவிட்டாள்.

முதல் பனி விழுந்தபோது அது பேருந்தை விட்டு இறங்கி அவளோடு வீட்டுக்கு வந்தது.

தேவாலயத்து பெஞ்சில் அவள் ஓரம். சோபாவில் ஓரம். கட்டிலில் சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்தாள், முதுகுக்குப் பின்னால் அந்தப் புளித்த ஈரம். இது போதாதென்று இன்னொன்றும் தொடங்கியது. மனிதர்கள் அவளுக்கு இடம் வைக்க மறந்தார்கள். பாடகர் குழுப் படத்தில் அவள் முகம் பாதியோடு நின்றுவிட்டது. காரில் ஏறும் முன்பே அப்பா வண்டியைக் கிளப்பினார். அம்மா இறைச்சியும் உருளைக்கிழங்கும் சுட்ட பாத்திரத்தை மேஜை நடுவில் வைத்துவிட்டு, மூன்று தட்டுகளைப் போட்டாள். லெனா எழுந்து போய் நான்காவது தட்டை எடுத்து வந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

"உனக்கு என்னாச்சு?" என்று லெனா ஒருநாள் படிக்கட்டில் வைத்துக் கேட்டாள். "நீ சுருங்கிக்கிட்டே போற."

"ஒண்ணுமில்ல. போய் வேலையப் பாரு."

"உன் பக்கத்துல நாத்தம் அடிக்குது."

"நீ சோப்புப் போட்டுக் குளிச்சா சரியாயிடும், போ."

லெனா சிரிக்கவில்லை. மாரிட்டின் இடப்பக்கத்து வெற்றிடத்தை, அதில் யாரோ இருப்பதைப் போல, தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுப் போனாள். அன்றிரவு மாரிட் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அழுவதற்குக் கூட மூச்சு போதவில்லை.

பிப்ரவரியில் அவள் கர்ட்டிஸைத் தேடிப் போனாள். அவன் ரயில் பாதையோரத்துத் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சாப்பாட்டு நேரம். பிக்கப் வண்டியின் முன் இருக்கை முழுவதும் அவன் ஒருவனே பரந்து கிடந்தான், கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நன்றாகச் சதை போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஜன்னலை ஒரு சாண் மட்டும் இறக்கினான். கதவைத் திறக்கவில்லை.

"அதை எடுத்துக்கோ," என்றாள் மாரிட். "உன் காலைப் புடிக்கிறேன் கர்ட்டிஸ். நீ கொடுத்தது, நீயே எடுத்துக்கோ."

"முடியாது. நான்தான் பள்ளிக்கூடத்த விட்டு வந்துட்டேனே. அங்க படிக்கிறவங்கதான் வாங்க முடியும்." அவன் கண் அவளுடைய இடது தோளுக்கு அப்பால் போய் உடனே திரும்பியது. "எனக்கு முன்னாடி ஒருத்தி கொடுத்தா. நான் வாங்கி ஒரு வருஷம் வச்சிருந்தேன். உனக்கும் ஒரு வருஷம்தான். மே மாசம் யாருக்காவது தள்ளிவிடு."

"தள்ளிவிடலன்னா?"

கர்ட்டிஸ் ரொட்டியைக் கீழே வைத்தான். "உனக்கு இப்ப எவ்ளோ இடம் இருக்கு?"

மாரிட் குனிந்து தன் காலைப் பார்த்தாள். நிற்கும்போது கூட ஒரு காலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அதுக்கு அப்புறம் இடமே இருக்காது. அவ்ளோதான் தெரியும்," என்றான். "உனக்குப் பிடிக்காதவ ஒருத்தி கூடவா இல்ல? நான் உனக்குத்தான் கொடுக்கணும்னு நினைக்கல மாரிட். நீ எப்பவும் என் ஜோக்குக்குச் சிரிப்ப. அதனால வாங்கிப்பன்னு தெரியும்."

ஜன்னல் ஏறிவிட்டது.

பிடிக்காதவர்கள் இருந்தார்கள். பிரெண்டா லூட்கே இருந்தாள், மாரிட்டை 'சுவரொட்டி' என்று கூப்பிட்டு ஊரைச் சிரிக்க வைத்தவள். உயிலில் பிரெண்டாவின் பெயரை எழுதினாள். எழுதிய கையோடு பிரெண்டா கட்டிலோரத்தில் சுவரை நகத்தால் பிடித்துக்கொண்டு படுத்திருப்பது கண்ணில் வந்தது. அடித்துவிட்டாள். திரும்ப எழுதினாள். திரும்ப அடித்தாள். சாக அவளுக்கு விருப்பமில்லை. பதினேழு வயதில் யாருக்கு இருக்கும்? ஆனால் இன்னொருத்தியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கால் நீட்டிக் கிடக்கவும் அவளால் முடியவில்லை.

கடைசியில் ஒரு வழி தென்பட்டது. பெயர் வந்தவர் வாய் திறக்காவிட்டால் அந்தப் பொருளை வேறு யாரும் கேட்கலாம். ஒருவரும் கேட்காவிட்டால் வாஸ் சுத்தியலைத் தட்டிச் "செல்லாது" என்று சொல்லி, குப்பைக் கூடைக்கு அனுப்பிவிடுவார். போன வருடம் ஒருவனுடைய காலுறைகள் அப்படித்தான் போயின. அரங்கத்துச் சுவரில் ஒரு காட்டெருமைத் தலை ஆணியடித்து மாட்டியிருக்கிறது, கண்ணாடிக் கண்ணும் தூசியுமாக. அதற்கு எழுதி வைத்தால்? அது எழுந்து "எனக்கு" என்று சொல்லப்போவதில்லை. அசிங்கமாக எழுதினால் வேறு யாரும் கேட்கவும் மாட்டார்கள். அப்புறம் சுத்தியல். அப்புறம் குப்பைக் கூடை.

உயில் வாசிக்கும் நாளன்று காலை பேருந்துக்குக் காத்திருக்கும்போது லெனாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னிக்கு நான் வாசிக்கும்போது நீ வாயத் திறக்கக் கூடாது. என்ன நடந்தாலும்."

"ஏன்?"

"சொன்னாக் கேளு லெனா."

லெனா அவளையே பார்த்தாள். தலையாட்டவில்லை.

அரங்கம் வெக்கையாக இருந்தது. கேலரியில் கால் தட்டும் சத்தம், சீட்டியடிக்கும் சத்தம். டியூபா என்னும் பெரிய பித்தளைக் குழலை ஊதும் பையன் அதில் தேங்கிய தன் எச்சிலை எழுதி வைத்தான், இன்னொருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வாங்கிக்கொண்டான். மாரிட்டின் முறை வந்தது. மேடையில் மைக்குக்கு நேராக நிற்கக் கூட அவளுக்கு இடமில்லை. ஓரத்திலிருந்து கழுத்தை நீட்டி வாசித்தாள்.

"நல்ல புத்தியோடும், யாருடைய கட்டாயமும் இல்லாமலும்." ஒரு முறை சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "நாத்தம் புடிச்ச, ஐஸ் மாதிரி குளிர்ற, யாருக்கும் வேண்டாத என் பக்கத்து சீட்டு ஆளை, சுவர்ல இருக்கிற காட்டெருமைத் தலைக்குக் கொடுக்கிறேன்."

லேசான சிரிப்பு எழுந்து அடங்கியது.

வாடை மேடை முழுக்கப் பரவியது.

"எருமையாரே, என்ன சொல்றீங்க?" என்றார் வாஸ். எருமை ஒன்றும் சொல்லவில்லை. "வேற யாருக்காவது வேணுமா? ஓசிதான்."

யாரும் அசையவில்லை. எங்கோ ஒருவர் இருமினார். இப்படி யாருமே கேட்காமல் போவது அந்தப் பள்ளியில் பெரிய அவமானம். பிரெண்டா வாயைப் பொத்திக்கொண்டு, "பாவம், சுவரொட்டி," என்றாள். மாரிட்டுக்கு அவமானம் இனித்தது. தட்டுங்கள், தட்டுங்கள் என்று மனம் அடித்துக்கொண்டது.

வாஸ் நல்ல மனிதர். ஒரு பெண் அப்படி ஓரத்தில் தனியாக நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. தூக்கிய சுத்தியலை இறக்காமல் கேலரியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"யாருமே இல்லையா பிள்ளைங்களா?"

இடது காதில் மூச்சு.

சுத்தியல் இறங்கத் தொடங்கியது.

"எனக்கு."

கத்தவில்லை. சொன்னாள். ஒன்பதாம் வகுப்பு வரிசையில் லெனா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"இல்ல! அவளுக்கு இல்ல! சார், அவ சொன்னது கணக்குல வராது!"

"குடும்பச் சண்டைய வீட்ல வச்சுக்கம்மா," என்றார் வாஸ் சந்தோஷமாக. சுத்தியல் விழுந்தது.

மாரிட்டின் நெஞ்சுக்குள் காற்று புகுந்தது. ஒன்பது மாதமாகக் கிடைக்காத முழு மூச்சு, இனிப்பாக, விலாவின் இரண்டு பக்கமும் விரிந்து. அவள் உடம்பு அதை வெட்கமில்லாமல் குடித்தது. அந்தச் சுகத்தில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. கர்ட்டிஸுக்கு ஒரு வருடம். அவளுக்கு ஒரு வருடம். லெனா படிப்பை முடித்து உயில் எழுத இன்னும் மூன்று வருடம் இருந்தது.

மேடையிலிருந்து குதித்தாள். முட்டி சிராய்த்தது. உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களையும் பைகளையும் தள்ளிக்கொண்டு கேலரியில் ஏறினாள். லெனா உட்கார்ந்திருந்தாள், முகம் சுண்ணாம்பாக வெளுத்து.

"ஏன்டி? உன்கிட்ட வாயத் திறக்காதன்னு சொன்னேனே."

"உனக்கு இடமே இல்லையே," என்றாள் லெனா. "நான் ஒல்லிதானே. எங்க ரெண்டு பேருக்கும் போதும்."

"எனக்கு வழி விடு. நான் உன் பக்கத்துல உக்கார்றேன். நடுவுல நான் உக்கார்றேன்."

லெனாவுக்கும் அடுத்திருந்த பெண்ணுக்கும் நடுவே பெஞ்சில் இடைவெளி இருந்தது. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். பலகையின் நரம்புகளும், அதில் யாரோ பேனாவால் கீறிய பெயரும் தெளிவாகத் தெரிந்தன. மாரிட் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்காரப் போனாள். இடுப்பு எதிலோ இடித்தது. பலத்தையெல்லாம் சேர்த்து இன்னொரு முறை உட்கார்ந்து பார்த்தாள்.

இடம் இல்லை.