இரண்டு மானாவாரிகள்

சங்கரன்கோவிலில் அன்று கலை இலக்கிய விழா. ஆறாம் வகுப்புப் படிக்கும் ரூபியா கல்யாண மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வருகிறவர்களை வரவேற்பது அவள் வேலை.

விழாவை நடத்தும் ஜெபசுந்தர் சார் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“ரூபியா, கவிஞர் மானாவாரி இப்ப வந்துருவாக. நேரா மேடைக்குக் கூட்டிட்டு வந்துரு.”

“ஆள் எப்படி இருப்பாங்க சார்?”

“நானும் பார்த்ததில்ல. ஈமெயில்லதான் பேசிக்கிட்டோம்.” சார் தலையைச் சொறிந்தார். “கவிஞர்னா எப்படி இருப்பாக? ஜிப்பா போட்டிருப்பாக. தோள்ல ஜோல்னாப் பை தொங்கும்.”

சொல்லிவைத்தாற்போல, சற்று நேரத்தில் ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாக ஒருவர் வந்தார்.

“பாப்பா, கவிஞர் மானாவாரி இங்கனதான…”

“இங்கனதான் மாமா. வாங்க, உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“எனக்காகவா?”

ரூபியா அதற்குள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மேடையில் நையாண்டி மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னவோ சொன்னார். தவில் சத்தத்தில் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. ஜெபசுந்தர் சார் பொன்னாடை போர்த்தி அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். கூட்டம் கைதட்டியது. வந்தவரோ திருதிருவென்று விழித்தார்.

வந்த வேலை முடிந்தது என்று ரூபியா முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேளம் ஓய்ந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஊதாச் சேலை அக்கா அவள் பக்கம் குனிந்தார்.

“மேடையில உக்காந்திருக்காங்களே, அவங்க யாரு?”

“அவங்கதான் கவிஞர் மானாவாரி.”

“அப்ப நான் யாரு?”

ரூபியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “தெரியலையே அக்கா. நீங்க யாரு?”

“என் பேரு நஸ்ரின் பானு. மானாவாரிங்கிற பேர்லதான் கவிதை எழுதுதேன். வாசல்ல யாரும் இல்ல, அதான் நானா வந்து உக்காந்துட்டேன்.”

ரூபியா மேடையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். ஒரே பேரில் இரண்டு கவிஞர்கள் இருப்பார்களோ? இல்லை, இந்த அக்கா விளையாடுகிறாரோ? எதற்கும் கேட்டுவிடலாம் என்று மேடையின் ஓரமாக ஏறி, ஜிப்பாக்காரரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

“மாமா, நீங்க கவிஞர்தானே?”

“நான் எங்க மக்கா கவிஞர்? என் பேரு தேவசுந்தரம். கவிதை கேக்கலாம்னு வாசுதேவநல்லூர்ல இருந்து பஸ் ஏறி வந்தேன். நீ எங்க பேச விட்ட?”

“இப்ப இறங்கிடுதீங்களா?”

“எங்க ஊர்க்காரங்க அங்கன உக்காந்திருக்காங்க. பொன்னாடைய கழட்டிக் குடுத்துட்டு இறங்கினா ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா?”

ரூபியாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. அந்த நேரம் பார்த்து ஜெபசுந்தர் சார் மைக்கைப் பிடித்துவிட்டார். “இப்போது கவிஞர் மானாவாரி கவிதை வாசிப்பார்.”

தேவசுந்தரம் மாமா நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ரூபியா சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “சார், மைக்க எங்கிட்ட தாங்க.” என்ன ஏது என்று புரியாமலே அவர் கொடுத்துவிட்டார்.

“எல்லாருக்கும் வணக்கம்.” அவள் முன்வரிசையைக் கைகாட்டினாள். “கவிஞர் மானாவாரி கீழ உக்காந்திருக்காங்க. அவங்க பேரு நஸ்ரின் பானு. நான்தான் ஆள் மாத்திக் கூட்டிட்டு வந்துட்டேன். மாமா மேல தப்பு இல்ல. அவங்க கவிதை கேக்க வாசுதேவநல்லூர்ல இருந்து வந்திருக்காங்க.”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ரூபியா மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

“கவிதை சொல்றவங்களுக்கு எல்லா விழாவிலயும் பொன்னாடை போடுதாங்க. கேக்க வந்தவங்களுக்கு யாருமே போடுறதில்ல. இன்னைக்கு நம்ம போட்டுட்டோம்.”

சிரித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்க வந்தவர்கள்தானே அவர்களும். யாரோ கைதட்டினார்கள். பிறகு மண்டபமே கைதட்டியது.

மேடைக்கு வந்த கவிஞரிடம் மாமா அவசரமாகப் பொன்னாடையைக் கழற்றி நீட்டினார்.

“அது உங்களுக்குப் போட்டது. நீங்க அங்கனயே உக்காந்து கேளுங்க அண்ணாச்சி” என்றார் நஸ்ரின் பானு. பிறகு மைக்குக்கு முன்னால் நின்று தன் கவிதையை வாசித்தார். அதன் கடைசி வரிகள் இவை:

“கரண்டு போன நேரத்தில்தான்
எங்கள் தெரு பேசியது.”

எல்லாரும் கைதட்டினார்கள். ரூபியாவுக்குப் புரியவில்லை. தெரு எப்படிப் பேசும்? கேட்க வெட்கமாக இருந்ததால் அவளும் சேர்ந்து தட்டினாள்.

தேவசுந்தரம் மாமா மட்டும் தட்டவில்லை. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, “அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ வாசிங்கம்மா. எனக்குச் சரியா விளங்கல” என்றார்.

நஸ்ரின் பானு முகம் மலர்ந்து, முன்னைவிட மெதுவாக வாசித்தார்.

ரூபியா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தெருவில் கரண்டு போனால் விசைத்தறிகளின் சத்தம் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். அப்போதுதான் எதிர்வீட்டுப் பாப்பா சிரிப்பதும், மூன்றாம் வீட்டு ஜரினா அக்கா யாரையோ சாப்பிடக் கூப்பிடுவதும் கேட்கும்.

இந்த முறை அவளுக்கும் விளங்கிவிட்டது.