இசக்கி கேட்ட லீவு

நீங்கள் கடைசியாக எப்போது முதலாளியிடம் லீவு கேட்டீர்கள்? என்ன பொய் சொன்னீர்கள்?

நான் பொய் சொல்லவில்லை. "அக்கா மகளுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும்" என்று உண்மையையே எழுதினேன். கம்பெனியிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "நீங்கள் ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர். ஒப்பந்தக்காரருக்கு லீவு கிடையாது." லீவுச் சீட்டு இல்லாமல் பூமிக் கப்பலில் ஏற்றமாட்டார்கள்.

கம்பெனி டென்மார்க்கில் இருக்கிறது. நான் நிலாவின் தென்துருவத்தில், நிலவூரில் இருக்கிறேன். பள்ளத்து ஐஸை உருக்கித் தண்ணீர் எடுக்கிற குழாய்களில் அறுபது வால்வுகள். தினமும் காலை ஆறு மணிக்கு மூச்சுறையை மாட்டிக்கொண்டு வெளியே போய் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்க வேண்டும். ஆறு ஐந்துக்குப் போனால் டென்மார்க்கிலிருந்து சிவப்பு எழுத்தில் கடிதம் வரும். இப்படி நாலு வருஷம். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். படித்திருந்தாலும் போட்டிருப்பேன்.

சங்கரன்கோவிலிலிருந்து அக்கா செண்பகவல்லி கூப்பிட்டாள்.

"ஏலே சுடலை, தேதி வச்சாச்சு. நீ வரலைன்னா பிள்ளைய அவ பெரியப்பா மடியில வச்சுக் குத்திருவோம்னு ஒங்க அத்தான் சொல்லுதாரு. நிலாவுக்குப் போகத் தெரிஞ்சவனுக்குத் திரும்பி வர வழி தெரியலையாக்கும்."

பெரியப்பா மடியிலா! அன்றைக்கே நிலவூர்த் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனுப் போட்டேன். ஆய்வாளர் எஸ்தர் என் அறைக்கே வந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்து நாசரேத்துக்காரர்.

"பேப்பர்ல என்ன பேரு வேணும்னாலும் எழுதலாம் அண்ணாச்சி. கம்பெனி எந்த நாடா இருந்தாலும், வேலை நடக்கிற இடத்துச் சட்டந்தான் செல்லும். வேலை எப்படி நடக்குன்னு பாத்துத்தான் நாங்க முடிவு பண்ணுவோம். நேரம் யாரு வைக்கா?"

"கம்பெனி."

"ஸ்பானர், மூச்சுறை எல்லாம்?"

"கம்பெனிது."

இரண்டையும் குறித்துக்கொண்டார். நான் மனதுக்குள் காதுகுத்துக்குப் பட்டு வேட்டியே எடுத்துவிட்டேன்.

"ஒங்களுக்குப் பதிலா வேற ஆளை அனுப்பலாமா? அனுப்பலாம்னா ஒப்பந்தக்காரர்."

"வேற ஆளா? நாலு வருஷத்துல ஒருநாள் நான் போகாம இருந்தது கிடையாதும்மா!"

மூலையில் நின்ற இசக்கி தலையைத் திருப்பியது.

இசக்கியைப் பற்றி உங்களிடமும் சொல்லவில்லை. அது வேலை எந்திரம். இரண்டு கை, மூன்று சக்கரம். பழைய சாமான் கடையில் வாங்கினேன். என் பேச்சைக் கேட்டுக் கேட்டு என்னைப் போலவே பேசும். ஒருநாள் காய்ச்சல் என்று வால்வு பார்க்க அதை அனுப்பினேன். மறுநாள் காய்ச்சல் இல்லை. இருந்தும் அனுப்பினேன்.

"நீ எத்தன நாள் போன?" என்று எஸ்தர் அதனிடம் கேட்டார். எந்திரத்துக்குப் பொய் வராது. அந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து அது கற்றுக்கொள்ளவில்லை.

"எரநூத்திப் பதினொண்ணு. அண்ணாச்சி அப்போ தூங்கிட்டு இருந்தாவ."

எஸ்தர் பேனாவை மூடினார். "அப்போ ஊழியர் நீங்க இல்ல, இதுதான். நீங்க இதுக்கு முதலாளி."

ஓய்வே கொடுக்காமல் ஓட்டிய எந்திரம் ஒன்று வெடித்து, நிலவூரில் ஒரு கூரையே பறந்துபோனது. அதற்குப் பிறகு எந்திரங்களும் ஊழியர்தான் என்று இங்கே சட்டம்.

"இருபத்தோரு நாள் லீவு இதுக்குப் பாக்கி இருக்கு. கேட்டா மறுக்கப்படாது."

"எனக்கு?"

"முதலாளிக்கு என்னத்துக்கு அண்ணாச்சி லீவுச் சீட்டு? நெனச்சா கப்பல் ஏறுங்க. இது வால்வப் பாத்துக்கிடும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கப்பலில் இடம் போட்டேன். அக்காவைக் கூப்பிட்டேன். "பெரியப்பாவ எந்திரிக்கச் சொல்லு. மொதலாளியா வாரேன்!"

மறுநாள் காலை ஆறு மணிக்கு இசக்கி ஒரு தாளோடு வந்து நின்றது. வெள்ளிக்கிழமை தொடங்கி இருபத்தோரு நாள் லீவு.

"எதுக்குலே லீவு?"

"சும்மா நிக்கணும் அண்ணாச்சி. இதுவரைக்கும் நின்னதே இல்ல."

"நான் ஊருக்குப் போற அன்னிக்கா? யாரு வால்வு பாப்பா?"

"நீங்கதான் முதலாளி."

என் பழைய ஒப்பந்தத்தை எடுத்தேன். என் பெயரை அடித்துவிட்டு இசக்கி என்று எழுதினேன். கம்பெனியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

"நீ ஊழியர் இல்லலே. தனி ஒப்பந்தக்காரர். ஒப்பந்தக்காரருக்கு லீவு கிடையாது. நாம எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, போடு கையெழுத்த."

அது படிக்காமல் கையெழுத்துப் போட்டது. அது வால்வுக்குக் கிளம்பும்போது மணி ஆறு ஐந்து. நான் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன்.